கரை சேர்த்தவர் கடன்

பெற்றோர்க்கும் உரைக்காமல், பொழுது புலருமுன் புகாரை விட்டகன்ற கோவலனும் கண்ணகியும் நிலவொளியில் வழிநடந்து வையைக் கரையை அடைகின்றனர். மணநாளில் கண்ணகிக்கு அகவை 12, கோவலனுக்கு 16 என்கிறது சிலப்பதிகாரம். அதன்பின் சில ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் இளையோரே. உடன் வருபவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி.

குதிரை, யானை, சிங்க முகங்கள் அமைந்த ஓடங்கள் இயங்கும் பெருந்துறையை அவர்கள் நாடவில்லை. மரப்புணை ஒன்றில் ஏறித் தென்கரை சேர்கின்றனர். காரணத்தை இளங்கோவடிகள் கூறவில்லை. கரந்து வருவோர் பலர் கூடும் துறையை விரும்பார் என நாம் கொள்ளலாம். வையையோ, இவர்களுக்கு நேரவிருப்பதை அறிந்தவள்போல் தன் கண்ணீரை மலர்ப் போர்வையால் மறைத்துக்கொள்கிறாள். இருவரும் மலர்களை மட்டுமே கண்டு, தொழுது கடக்கின்றனர்.

அறிந்தும் உரைக்காத ஆறு குற்றமுடையதா? ஆற்றின்மேல் வழக்காட இயலாது. அது கவிஞர் படைத்த பாத்திரம். கவுந்தியடிகளைக் கேட்கலாம். தம்முடன் வந்த இருவரையும் இகழ்ந்தோரை நரிகளாக்கிய தவவலிமை உடையவர் அவர். ஆயினும் மதுரையில் நிகழவிருந்ததை அவர் அறியவில்லை. வழியின் இடர்களைக் கூறி எச்சரித்தார்; கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாகவும் தந்தார். செய்யத்தக்கன யாவும் செய்தார் என்றே எவரும் கூறுவர். ஆனால் கோவலன் கொலையுண்டபின் மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். பிழைபட்ட தீர்ப்பு வழங்கிய மன்னன் மாண்டதில் வியப்பில்லை. இவ்விருவர் செய்த பிழை யாது?

எந்த நீதிமன்றமும் இவர்களைக் குற்றவாளிகள் எனக் கூறாது. அவர்கள் உயிர்விட்டதை நாமும் போற்ற வேண்டியதில்லை. ஆயினும், ‘கரையில் விட்டேன்; அத்தோடு என் பொறுப்பு தீர்ந்தது’ என்று அவர்கள் எண்ணவில்லை. அக்கரை சேர்த்தவரே கடன்பட்டவர் என்பது இளங்கோவடிகளின் கணக்கு.

நம் முன்னோர் அறிந்த கணக்கு இதற்கு நேர்மாறானது. பீருமேட்டுக்கும் மூணாற்றுக்கும் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறியோரைப் பெரும்பாலும் கங்காணியே அழைத்து வந்தான். முன்பணம் கொடுத்தான், வழி காட்டினான், வந்த ஒவ்வொருவருக்கும் தலைக்காசு பெற்றான். பேரேட்டில் கடன்பட்டவர் அழைத்து வரப்பட்டவரே. அவன் அயலானும் அல்லன்; பல வேளைகளில் ஒரே ஊரினன், உறவினன். (வாளையாறு கடந்து பாலக்காட்டுப் பக்கம் சென்றோர் நிலை சற்றே வேறு, சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ்க்குடிகள் பல தலைமுறைகளாகவே வாழ்கின்றன.) குளிரிலும் காய்ச்சலிலும் மடிந்தவரின் முன்பணம் யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் போதும், இரு கணக்குகளின் வேறுபாடு விளங்கிவிடும். இன்று மகனையோ மருமகளையோ அயலூர் வேலைக்கு அழைத்துச் செல்லும் நம்மவரும் இவ்விரண்டில் ஒன்றைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மதுரையை எரித்த கண்ணகி, வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறி, வேங்கை மர நிழலில் நின்று, 14 நாட்கள் கழிந்தபின் விண்ணுலகு சென்றாள் என்பது காப்பியம். அம்மலை குமுளிக்கு மேலுள்ள மங்கலதேவி மலையே என்பது இப்பகுதி மக்கள் போற்றும் மரபு. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவன்று இரு மாநிலத்தாரும் அங்கே திரள்கின்றனர். 1895இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றது முதல் பெரியாற்று நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வையைப் படுகைக்குச் செல்கிறது.

அப்பெரியாற்றங்கரையில்தான் சேரன் செங்குட்டுவன் தங்கியிருந்தபோது மலைக்குறவர் வந்து நின்றனர். கண்ணகியை அவர்கள் அழைத்து வந்தவர் அல்லர். எக்கரையிலும் சேர்த்தவர் அல்லர். வேங்கையின்கீழ் ஒரு மார்பிழந்து நின்ற பெண்ணைக் கண்டதுண்டு. கண்டதை மறைக்காமல் மன்னனிடம் கூறினர்.