மிச்சமான நேரம் யார் கணக்கில்?

சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் போவது பெரும்பாலும் தோல் கண்காட்சிக்குத்தான். ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும் சமயத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் அங்கே கூடியிருக்கும். அதே வளாகத்துக்கு நான் வேறு கூட்டங்களுக்கும் போகிறவன். 2023 மார்ச்சில் தமிழக அரசு தன் ‘யுமாஜின்’ தகவல் தொழில்நுட்ப மாநாட்டை அங்கேதான் நடத்தியது. ஷூ கம்பெனிகளுக்கு ஆட்டோமேஷன் செய்து கொடுப்பது என் பிழைப்பு என்பதால் இரண்டுமே எனக்குச் சொந்தக் கூட்டம். தோல் கண்காட்சியில் சரக்கைத் தொட்டு, மடித்து, முகர்ந்து பார்த்த பிறகே விலை பேசுவார்கள். ஐடி மாநாட்டில் தொடுவதற்கு ஒன்றும் இருக்காது. திரையில் எண்கள் இருக்கும்.

எந்த மேடையானாலும் ஒரு ஸ்லைடு தப்பாமல் வரும்: ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் மணி நேரம் மிச்சம். அது எத்தனை முழுநேர ஊழியர்களுக்குச் சமம் என்று பக்கத்திலேயே தசமப்புள்ளி வைத்து இன்னோர் எண். இரண்டரை ஆள், நாலே கால் ஆள். கூட்டம் கை தட்டும். நானும் அப்படி ஸ்லைடு போடுகிறவன்தான். வாடிக்கையாளர் கேட்பதே அதைத்தான். மிச்சமான அந்த நேரம் எங்கே போனது என்று மட்டும் யாரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் வேலை செய்த இடங்களில் அது எங்கெங்கோ போயிருக்கிறது. ஒரு கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமென்ட் பிரிவு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று ஒரே ஆர்டர் எண்ணையும் சைஸ்வாரி ஜோடிக் கணக்கையும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்கள். கன்டெய்னர் கிளம்பும் நாளில் வீடு திரும்ப ராத்திரி பத்தாகிவிடும். அந்தத் தட்டச்சு வேலையை ‘பாட்’ என்கிற தானியங்கி மென்பொருள் ஏற்றுக்கொண்ட பிறகு அங்கிருப்பவர்கள் சரிபார்த்து முடித்து ஆறரை மணிக்குக் கிளம்புகிறார்கள். சம்பளத்தில் குறைவில்லை. ஆளைக் குறைக்க மாட்டேன் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார்.

வேறொரு கம்பெனியில் தையல் லைன். பேரணாம்பட்டு, மாதனூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். ஷூவின் மேற்பகுதியான அப்பர் எந்த மேசையில் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று காட்டும் திரை வைத்தோம். மேசைகளை மாற்றிப் போட்டதும் தேக்கம் போயிற்று. அடுத்த மாதமே டார்கெட் ஏறியது. “முன்னெல்லாம் பீஸ் வர்ற வரைக்கும் ரெண்டு வார்த்தை பேசிக்குவோம் தம்பி. இப்ப தண்ணி குடிக்கப் போனாலும் அந்த டிவில தெரியுது” என்றார் ஓர் அக்கா. குறைபட்டுக்கொள்ளவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

கட்டிங் பிரிவுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தோல் ஒரே சீராக இருக்காது. முதுகுப் பக்கம் இறுகியிருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், நரம்பு ஓடிய தடம் என்று விலங்கு வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அதில் பதிந்திருக்கும். ஷூவின் முன்பக்கமான வேம்ப்புக்கு முதுகுதான் ஆகும். நாக்குக்கு வயிறு போதும். தோல் எந்தத் திசையில் இழுபடும் என்று பார்த்துத்தான் வெட்டும் அச்சான டையை வைத்துப் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். புதிய மெஷினுக்கு டையே வேண்டாம். தோலை விரித்துக் குறைகளைக் குறித்துவிட்டால் சாஃப்ட்வேர் துண்டுகளை நெருக்கி அடுக்கும், ஆடும் கத்தி வெட்டும். வீணாகும் தோல் குறைவதால் கம்பெனிக்கு நல்ல லாபம். ஆனால் எது குறை, எது குறையில்லை என்று சொல்லிக் கொடுத்தவர் பல காலமாக அங்கே பிரஸ் ஓட்டிய ஒரு பாய். “இந்த மூலைல இழுத்துப் பாருங்க தம்பி. இதுல வேம்ப் வெட்டினா ரெண்டு மாசத்துல தொளதொளன்னு ஆயிடும்” என்று அவர் காட்டியதெல்லாம் எங்கள் விதிகளாயின. மெஷின் ஓட்டும் வேலையும் அதற்கான கூடுதல் சம்பளமும் டிப்ளமா படித்த பையனுக்குப் போயின. பாய் பழைய பிரஸ்ஸிலேயே இருக்கிறார்.

நேரத்தை மிச்சம் பிடிப்பது பாலாற்றங்கரைக்குப் புதிதல்ல. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோமியம் வந்த பிறகு டிரம்மில் ஒரு நாளில் பதமானது. 1970களில், சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும் இங்கேயே செய்யும் தொழில் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மிச்சமான அந்த வாரங்களுக்கான பில் கழிவுநீராக ஆற்றுக்கும் விவசாயக் கிணறுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30இல் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஆற்றைக் கெடுக்க வேண்டும் என்று எந்த டேனரிக்காரரும் டிரம் வாங்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஆற்றுக்கென்று ஒரு பக்கம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஸ்லைடுகளிலும் அந்தப் பக்கம் இல்லை.

ரோபோ வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்ற பயத்தை நான் அதிகம் நம்புவதில்லை. ஷூவின் மேற்பகுதியைக் கட்டைமேல் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் வேலைக்கு யான் மாட்ஸெலிகர் அமெரிக்காவில் மெஷின் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றது 1883இல். அதற்கு இத்தனை காலத்துக்குப் பிறகும் தையலுக்குக் கை வேண்டியிருக்கிறது. அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ரோபோக்களைக் கொண்டு ‘ஸ்பீட்ஃபேக்டரி’ நடத்திப் பார்த்தது. இரண்டையும் மூடப்போவதாக 2019இல் அறிவித்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்குச் சில ரூபாய்க்கு அப்பரைக் கையால் தைக்கும் பெண்கள் இன்றும் உண்டு. அவர்களை எந்த டாஷ்போர்டும் காட்டாது. ஆகவே கை இங்கே இருக்கத்தான் போகிறது. அந்தக் கைக்கு இருந்த இடைவெளியைத்தான் நாங்கள் கண்டுபிடித்து எடுக்கிறோம்.

டாக்குமென்ட் பிரிவிலும் தையல் லைனிலும் நாங்கள் செய்தது அடிப்படையில் ஒரே வேலைதான்: வீணாகும் நேரத்தைக் கண்டுபிடித்து நீக்கினோம். ஓரிடத்தில் அது வீட்டுக்குப் போனது, இன்னோரிடத்தில் டார்கெட்டுக்குப் போனது. மெஷின் வருவதற்கு முன்பே, விலைப்புள்ளி பேசும் அறையில் அது முடிவாகிவிடுகிறது. அந்த அறையில் லைன் அக்காவும் இல்லை, கட்டிங் பாயும் இல்லை. நான் இருக்கிறேன். ‘நான் வெறும் டெக்னிக்கல் ஆள்’ என்று ஒதுங்கிக்கொள்வது வசதி, ஆனால் உண்மையில்லை.

என் தொழில்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விலைப்புள்ளியில் ஒரு வரி சேருங்கள்: மிச்சமாகும் நேரத்தில் அந்த வேலையைச் செய்கிறவருக்கு எவ்வளவு? முதலாளி அதை அடித்துவிடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கும். அடுத்த மாநாட்டுக்குக் கம்பெனி நாலு பாஸ் வாங்கினால் ஒன்றைக் கட்டிங் பிரிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஆம்பூரில் நிற்கும், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.