மூன்றாம் சாமத்து ஆட்டம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை தூங்குவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க விடிய விடிய மனிதக் கால்கள். சிவராத்திரி பிறந்த தலம் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். கண் விழித்திருப்பதையே வழிபாடாக வைத்துக்கொண்ட மண் இது. அந்த விழிப்பின் இன்னொரு முகம் மலையடிவாரத்தில் இல்லை. செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில், பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்தில் இருக்கிறது.

*

செய்யாறு பக்கத்தில் புரிசை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் கூடவே தம்பிரான் என்ற பெயரும் வந்துவிடும். நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான், இப்போது எழுபதைக் கடந்து நிற்கும் கண்ணப்ப சம்பந்தன். தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் குடும்பம். நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் எழுத்தாளர் ந. முத்துசாமி கூத்தின் பக்கம் திரும்பினார். 1977இல் சென்னையில் அவருடைய கூத்துப்பட்டறை நாடகக் குழு உருவானதற்குப் புரிசையின் இரவுகள் ஒரு காரணம். தமிழ் நவீன நாடகம் தன் கால்களை எங்கே கண்டெடுத்தது என்று கேட்டால் நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன்.

*

வேஷம் கட்டுவதைக் கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையகலக் கண்ணாடி ஒன்று. எண்ணெயில் குழைத்த அரிதாரம். துரியோதனன் என்றால் முகம் சிவப்பு; அதன்மேல் வெள்ளையில் பொட்டுப் பொட்டாகக் கோலம். அவசரமே இல்லை. பிறகு இடுப்பில் துணியைச் சுற்றிச் சுற்றி அகலப்படுத்துகிறார்கள். அதற்கும் பிறகுதான் கட்டை: கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியவை. கனம் குறைந்த மரம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் அவ்வளவையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலில் சலங்கையோடு, சுழன்று கிறுக்கி அடிப்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு நடுவில் பாட வேண்டும், வசனமும் பேச வேண்டும். ஆடுகிறவன் வேறு, பாடுகிறவன் வேறு என்ற சௌகரியம் இங்கே கிடையாது. பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடும் அந்தச் சிறு இடைவெளியில்தான் கூத்துக்காரருக்கு மூச்சு.

கட்டை கட்டிய பின் அந்த மனிதர் பேச்சைக் குறைத்துவிடுகிறார். அதை நான் பலரிடமும் கவனித்திருக்கிறேன்.

*

திரைப் பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது, கீழே சலங்கைக் கால். நடுவில் இருப்பவர் பாடிக்கொண்டே உள்ளுக்குள் ஆடுகிறார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேலியாகக் கேள்வி கேட்கிறான். ராஜா வந்துவிட்டாரா, இன்னும் வரவில்லையா என்று யாருக்கும் தெரியாத அந்த நேரம்தான் எனக்குக் கூத்திலேயே பிடித்த நேரம். முதிர்ந்த கலைஞர் திரையை விலக்க அவசரப்படுவதில்லை.

*

மூன்றாம் சாமம். மிருதங்கமும் டோலக்கும் முழங்கிக்கொண்டிருக்க, முன்வரிசையில் பிள்ளைகள் பாயில் சுருண்டு தூங்குகின்றன. பெரியவர்களும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள். பாதிக் கூட்டம் உறக்கத்தில். ஆடுகிறவர் ஓர் அடியைக்கூடக் குறைப்பதில்லை. பார்ப்பவர் இல்லாத இடத்திலும் கிறுக்கி முழுசாக வந்து விழுகிறது. ஊர் தூங்கினாலும் எதிரே அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கையின் பலன் அந்தக் கால்களில் தெரிகிறது. அனுபவம் என்று ஒரு கூத்துக்காரரிடம் நான் மதிப்பது இதைத்தான்: உறங்குகிறவர்கள் முன்னால் அவர் ஆடிய இரவுகள்.

பிறகு துகிலுரிதல் வரும். துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் சேலையில் கை வைக்குமுன் சூடம் ஏற்றிக் கும்பிடுவார். தாய்மார் பிள்ளைகளை உலுக்கி எழுப்புவார்கள். முகவீணையின் ஊதல் உச்சத்துக்குப் போகும். ஒரு ஊரே சட்டென்று விழித்துக்கொள்ளும்.

*

இந்தத் துகிலுரிதல் 2016இல் பாரீஸின் வின்சென் காட்டிலும் நடந்தது. இயக்குநர் அரியான் முனுஷ்கினின் தியேத்ர் து சொலேய் நாடகக் குழு, பாண்டிச்சேரிக்கு வந்து வேலை செய்தபோது சம்பந்தனிடம் கூத்துப் பயின்றது. ‘இந்தியாவில் ஓர் அறை’ என்று பொருள்படும் அவர்களுடைய நாடகத்தில் திரௌபதியும் கர்ணனும் வந்தார்கள். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் கட்டை கட்டிக்கொண்டு தமிழில் பாடினார்கள். இதற்கு முன்பே புரிசைக் குழு எழுத்தாளர் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாக ஆடியிருக்கிறது. மரபைக் காப்பாற்றுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்ற எண்ணம் புரிசைக்குப் பொருந்தாது. கண்ணப்பத் தம்பிரான் நினைவாக அவர்கள் ஊரிலேயே நடத்தும் நாடக விழாவில் நவீன நாடகக் குழுக்களுக்கும் அதே கூத்துக் களரிதான்.

*

ஒரு கூத்துக்காரரின் ஆயுள் அவர் கட்டிய வேஷங்களின் வரிசை. மீசை முளைக்காத வயதில் பெண் வேஷம். தோள் விரிந்ததும் கட்டை வேஷம். முழங்கால் கெஞ்சத் தொடங்கியதும் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பாட்டு வரிசைக்கு வருகிறார், வாத்தியாராகிறார். மேடை அவரை ஓரமாகத் தள்ளிவிட்டது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு மணிக்கு இளைஞன் ஒருவன் அடவில் தளரும்போது, பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வரியை உயர்த்திப் பிடிக்கிறது. அவன் கால் திரும்பவும் எழும்புகிறது. அந்தக் குரலுக்குள் இருப்பதும் ஆட்டம்தான்.

*

சங்கீத நாடக அகாடமி விருது பெற்ற சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மாவட்டமே மகிழ்ந்தது, மகிழ வேண்டியதுதான். ஆனால் கௌரவத்தைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் பத்து நாள் கூத்தை ஓரிரு நாளாகச் சுருக்குகிறார்கள். நகரத்து அரங்கில் ஒரு மணி நேரம் கொடுக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் திரைப் பிரவேசம் கிடைக்கும், கிறுக்கி கிடைக்கும், துகிலுரிதல்கூடக் கிடைக்கும். மூன்றாம் சாமம் கிடைக்காது. அதற்குத் தாம்பூலம் வைத்துக் கூத்து ஜமாவை அழைக்கிற ஊர் வேண்டும். ராத்திரி முழுக்க விரித்துக் கிடக்கிற பாய்களும் வேண்டும்.