தொடக்க நிரலும் வினைமுதலும்

ஒரு செயல் தானாகவே நிகழும்போது அதன் வினைமுதல் யார் என்னும் வினா சைவ சித்தாந்தத்தில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. இன்று அவ்வினா கிள்ளான் பள்ளத்தாக்கின் தரவு மையங்களிலும் எழுகிறது. சுங்கை பூலோவை ஒட்டிய எல்மினா வணிகப் பூங்காவில் தனது முதல் மலேசியத் தரவு மையத்தையும் மேகக் கணிமை வட்டாரத்தையும் அமைக்க 200 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்வதாக 2024 மே மாதம் அறிவித்த கூகுள் நிறுவனம், அதே ஆண்டு அக்டோபரில் கட்டுமானப் பணியைத் தொடங்கியது. இத்தகைய மையங்களில் வாடகைக்குக் கிடைப்பவை மெய்நிகர் கணினிகள், அதாவது ஒரு பெரிய கணினியின் ஆற்றலை மென்பொருளால் பகுத்துத் தனித்தனிக் கணினிகளாக இயங்கச் செய்பவை.

இக்கணினிகளுக்கு எவ்வளவு நினைவகம், எந்த இயங்குதளம் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே வரையறுத்து வைப்பது வார்ப்புரு. கணினி எழுந்தவுடன் மனிதக் கை படாமல் ஓட வேண்டிய கட்டளைத் தொகுப்பாக அதனுள் வைக்கப்படுவது தொடக்க நிரல். கூகுள் மேகத்தில் லினக்ஸ் கணினியின் தொடக்க நிரல், ரூட் எனப்படும் தலைமைப் பயனரின் முழு அதிகாரத்தோடு, ஒவ்வொரு தொடக்கத்திலும் ஓடுகிறது. அமேசான் மேகத்தில் அது இயல்பாக முதல் தொடக்கத்தில் மட்டுமே ஓடுகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல், அமைவுக் கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்க்குமாறு எழுதப்பட்ட நிரல், கூகுள் மேகத்தில் மூன்றாம் தொடக்கத்தில் அதே வரியை மூன்று முறை எழுதி வைத்திருக்கும். கூகுளில் ஒருமுறை உருவாக்கிய வார்ப்புருவைத் திருத்தவும் இயலாது. புதியதொன்றை உருவாக்கி, ஓடும் கணினிகளை அதற்கு மாற்றியாக வேண்டும்.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தை அடியாகக் கொண்ட மரபு, பல பிறவிகளில் குவிந்த வினையைச் சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பகுதியைப் பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாக ஏறுவதை ஆகாமியம் என்றும் வகுக்கும். கணினி எழும் முன்பே எழுதப்பட்ட நிரல் பிராரத்தத்தை நினைவூட்டுவது உண்மையே. ஆயினும் அவ்வொப்புமையோடு நின்றுவிடுவோர் சித்தாந்தத்தின் வலிமையான வாதத்தைத் தவறவிடுவர். வினையே தன் பயனைத் தந்துவிடும், இடையில் இறைவன் வேண்டா என்னும் மீமாஞ்சகரை மறுக்கும் சித்தாந்திகள், வினை அறிவற்ற சடம் ஆதலால், தன்னைச் செய்தவர் இன்னார் என்று அறிந்து சென்று சேரும் ஆற்றல் அதற்கில்லை என்றும், அதைச் செய்தவரோடு கூட்டுவிக்க அறிவுடைய முதல் ஒன்று வேண்டும் என்றும் நிறுவினர்.

தொடக்க நிரலும் வார்ப்புருவில் கிடக்கும் வரை வெறும் எழுத்தே. கெஸ்ட் ஏஜென்ட் என்னும் துணை மென்பொருள் அதைக் கேட்டுப் பெற்று இயக்கும்போதுதான் அது செயலாகிறது. அந்த ஏஜென்டும் சடமே ஆகையால், தொடரைப் பின்னோக்கிப் பற்றிச் செல்பவர் இறுதியில் ஒரு மனிதரிடமே வந்து நிற்பர். குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்னும் பகுப்பின்படி, இயங்குதளம் மண், நிரலும் ஏஜென்டும் சக்கரம், வார்ப்புருவை இயற்றிய பொறியாளரே குயவர். உயிருக்குரிய இச்சை, ஞானம், கிரியை மூன்றும் இயந்திரத்திற்கு இல்லாமையால், வினை பற்றுவதற்கு அதில் இடமே இல்லை. எனவே, கடவுச்சொல்லை வெளிப்படையாகத் தாங்கிய ஒரு நிரல் நள்ளிரவில் நூறு கணினிகளில் ஓடினால், அப்போது உறங்கிக்கொண்டிருக்கும் பொறியாளரே அந்த நூறு செயல்களுக்கும் வினைமுதல். கணினி தானாகச் செய்தது என்னும் கூற்று அறத்தின்முன் நில்லாது.

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் போன்ற தலங்களில் அர்ச்சனை செய்விப்பவர் தம் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல, குருக்கள் அவற்றைச் சங்கற்பத்தில் எடுத்துரைத்த பின்னரே மந்திரம் தொடங்கும். சொல்லும் நா மற்றொருவருடையதாயினும் செயலுக்கு உரியவர் முதலிலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறார். அதுபோலவே, கிள்ளான் பள்ளத்தாக்கில் வார்ப்புருக்களை இயற்றும் பொறியாளர்கள், தொடக்க நிரலின் முதல் வரிகளில் தம் பெயர், எழுதிய நாள், நோக்கம் ஆகிய மூன்றையும் பொறித்து வைத்தல் வேண்டும்.