படர்க்கையில் இருப்பவள்

புத்தகப் பிரியன் என்ற சொல் எனக்கு அவ்வளவாக உவப்பதில்லை. காப்பிப் பிரியன், வெற்றிலைப் பிரியன் என்கிறாற்போல அதில் ஒரு சொந்த சுகம் மட்டுமே தொனிக்கிறது. வேறு சொல் அகப்படாததால் அதையே வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். இந்தப் பிரியத்துக்கு ஒரு தார்மிகமான பெறுமானம் இருப்பதாக நம்மில் பலர் விசாரணையில்லாமலே நம்பிவருகிறோம். நிறையப் படிக்கிறவன் கொஞ்சமாவது நல்லவனாக இருப்பான் என்கிற நம்பிக்கை. படித்தவர்களோடு பழகியவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். இந்தப் பெரிய கேள்வி முழுவதற்கும் பதில் சொல்ல எனக்குச் சக்தியில்லை. அதில் ஒரு முனையை மட்டும் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு கதை யாரைப் பற்றியதோ அவரே அதன் வாசகராக வந்து பாயில் எதிரே உட்கார்ந்தால், தனியறையில் அதை ரஸித்துப் பழகியவனுடைய ரஸனை என்ன கதிக்கு ஆளாகிறது?

வியாசர்பாடியில் ஒரு தையற்கடை மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். பெயர் கிடையாது, தலைவர், செயலாளர் கிடையாது, வருகிறவர்கள் எட்டுப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு. தையற்காரர், லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதுகிறவர், அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர், அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, எம்.கே.பி. நகரிலிருந்து வரும் நான், இப்படி. புத்தகம் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். ஆகவே ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்கிறோம். ஜீவா ஸ்டேஷன் பக்கம் ரயில் போகும்போது வாசிப்பவர் நிறுத்திக்கொள்வார். நாயனம் வாசிக்கிறான் என்கிறோம், வீணை வாசிக்கிறாள் என்கிறோம். அந்த வினையில் சத்தம் உண்டு, கேட்கிற காது உண்டு. இன்று இலக்கியக்காரர்கள் வாசிப்பு என்று சொல்வதெல்லாம் சத்தமில்லாத, காதில்லாத ஒரு காரியத்தை. சத்தம் போட்டு வாசிக்கும்போது கண்ணால் தாண்டிப் போய்விட முடியாது என்பது முதல் சௌகரியம். யாரைப் பார்த்து வாசிப்பது என்ற சங்கடம் அதனோடு சேர்ந்தே வருகிறது.

அந்தச் சங்கடம் முற்றாக வெளிப்பட்டது புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ வாசித்த அன்று. 1934இல் எழுதிய கதை. சில பக்கங்கள்தான். இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. மில் கூலி அம்மாளு, ஜட்கா ஓட்டும் புருஷன் முருகேசன் குடித்துவிட்டு வண்டியோட்டி அடிபட்டுப் படுத்திருக்கிறான், அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை, அவள்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த ஒருவன் சந்தில் நிற்கிறான். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. உடனே கதைசொல்லி அவளை இருட்டிலேயே விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பி, கற்பு பற்றிப் பேசுகிறவர்களை ‘ஐயா’ என்று விளித்து, சுளீரென்று ஓர் அடி கொடுத்து முடிக்கிறான். தமிழ்ச் சிறுகதையில் மிக அதிகம் சிலாகிக்கப்பட்ட முடிவுகளில் அது ஒன்று. சிலாகிப்பு நியாயமானதுதான்.

அன்றைக்கு வாசித்தவன் கல்லூரி மாணவன். நல்ல குரல். கடைசி வரிகளுக்கு வந்ததும் பழக்கப்படி தலையை நிமிர்த்தினான், அந்த விளியை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே என்று. அறையைச் சுற்றிப் பார்த்தான். வாங்கிக்கொள்ள ஆளில்லை. கற்பைப் பற்றிக் கதைக்கும் கனவான் யாரும் அந்தப் பாயில் இல்லை. வேட்டி கட்டி, கண்ணாடி போட்டு, கொஞ்சம் அந்த ஜாடையில் இருந்தவன் நான் ஒருவன். ஒரு கணம் என்மேல் நின்ற பார்வையை மரியாதைக்காக எடுத்துக்கொண்டு காகிதத்துக்கே திரும்பிவிட்டான். கடைசி வாக்கியம் தரையில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் வகுத்திருக்கிறது. ‘பொன்னக’ரத்தில் தன்மையில் இருப்பவன் கோபக்காரக் கதைசொல்லி. முன்னிலையில் இருப்பவர் கற்பு பேசும் ஐயா. அம்மாளு படர்க்கை. கதை முழுக்க அவளுக்காகவே பேசப்படுகிறது, அவளோடு பேசப்படுவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1934இல் ‘மணிக்கொடி’யை வாங்கிப் படித்த கூட்டம் எது என்று புதுமைப்பித்தனுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தின் கன்னத்துக்குத்தான் கை ஓங்கினார். குறி தப்பவுமில்லை. ஆனால் அடி அம்மாளுவின் தலைக்கு மேலாகப் போகிறது. தனியாகப் படிக்கிறவனுக்கு இது தெரிய வழியில்லை. ஏனென்றால் அவன் சிரமமே இல்லாமல் முன்னிலையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அடி வாங்குவதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆசிரியர் நம்மை ஒரு பொருட்டாக மதித்து அறைந்தார் என்ற கௌரவம். அறை வாங்கிய சுகத்தோடு புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடலாம். நம் ரஸனையில் பாதி இந்த சுகம்தான் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மௌனத்தை உடைத்தது அந்த அங்கன்வாடி அம்மா. அவருடைய தகப்பனார் பின்னி மில்லில் இருந்தவர், 1996இல் மில் மூடுகிறவரை. கேட்டது ஒரு சின்னக் கேள்வி.

“கஞ்சி வெச்சாளா இல்லியாபா?”

கதை முடிந்துவிட்டது என்று சொன்னான் மாணவன்.

“எங்க முடிஞ்சிது? அவ இன்னும் வூட்டுக்கே வந்து சேர்லியே.”

யாரோ சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. விமர்சகன் ‘முடிவு’ என்று எதை மெச்சுகிறானோ அது முன்னிலைக்காரனுக்கு மட்டுமான முடிவு. ஐயாவை அறைந்தாயிற்று, ஐயாவின் கதை முடிந்தது. அம்மாளுவுக்கு இன்னும் சந்திலிருந்து வெளியே வர வேண்டும், பால் வாங்க வேண்டும், அந்த வேளைக்குப் பால் கிடைக்குமா என்பது வேறு, அடுப்பு மூட்ட வேண்டும், எழுந்திருக்க முடியாதவனுக்கு ஊட்ட வேண்டும், காலையில் மில்லுக்குப் போக வேண்டும். இவ்வளவையும் ஆசிரியர் எழுதியிருக்க வேண்டுமென்று அந்த அம்மா கேட்கவில்லை. கதைக்குள்ளிருந்து பார்க்கிற ஒரு ஜீவனுக்கு அது எங்கே அறுந்து நிற்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான். உருவம், உத்தி என்று வருஷக்கணக்காகப் பேசிய நமக்கு அது தெரியாமல் போனது, நமக்குப் பசியில்லாததால் என்று சொன்னால் மலிவான பதிலாகிவிடும். அலங்காரமாக முடிகிற வாக்கியத்தின் மேல் நமக்குள்ள மோகம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் நினைவுக்கு வருகிறது. 60களின் நடுவில் சத்தியமூர்த்தியின் மகள் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி ‘வாசகர் வட்டம்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். அங்கத்தினர்களை நம்பி நடந்த பதிப்பு முயற்சி. ‘நடந்தாய் வாழி காவேரி’ போன்ற புத்தகங்களை அவ்வளவு நேர்த்தியாக வேறு யார் போட்டார்கள்? ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலும் அதன் வெளியீடுதான். அதுவும் கற்பு பற்றியது. ஆனால் அலங்காரத்தம்மாளின் வீட்டுக் கூடம் போன்ற கூடங்களுக்கே அந்தப் புத்தகமும் போய்ச் சேர்ந்தது. படித்தவர்கள் கோபப்பட்டார்கள், சண்டை போட்டார்கள். தங்கள் வீட்டு விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த நாவலில் எழுதப்பட்டவளும் படிக்கிறவளும் ஒரே தெருவில் இருந்தார்கள். அம்மாளுவுக்கும் ‘மணிக்கொடி’ சந்தாதாரருக்கும் நடுவில் ரயில் பாதை இருந்தது. ‘வட்டம்’ என்ற சொல்லை இரண்டு இடத்திலும் நாம் உபயோகிக்கிறோம். வட்டம் எங்கே போடப்படுகிறது, யார் உள்ளே யார் வெளியே என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை எந்தப் பேட்டையையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அதை வியாசர்பாடிக்குச் சொந்தமாக்க நான் முயலவில்லை. ஆனால் அந்தக் கதை எழுதப்படுவதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1918இல், பெரம்பூர் மில் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டுவிட்டது. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் இங்கே பேசினார்கள். 1921இல் நீண்ட வேலைநிறுத்தம். ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளருக்கும் மற்றவருக்கும் பகை மூண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. அதாவது மில் கூலிகள் வெறும் பரிதாபக் காட்சியாக மட்டும் இருக்கவில்லை. கூடினார்கள், பேசினார்கள், தங்களுக்குள் பிளந்தும் போனார்கள். தங்களைப் பற்றிய ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு வாய் இருந்தது. ‘பொன்னக’ரத்தின் சந்தில் இந்த வாய் கேட்பதில்லை. சிறுகதைக்குள் எல்லாவற்றையும் திணிக்கச் சொல்வது அபத்தம்தான். எனினும் தலைமுறைக் கணக்கில் அதே கதையையே அந்த மக்களின் ஒரே முகமாகப் பாராட்டிவந்தோமே, அதற்குப் பொறுப்பு புதுமைப்பித்தனுடையதல்ல.

2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருடைய ‘துன்பக்கேணி’யைப் பாடத்திலிருந்து எடுத்தது. தலித் மக்களைப் புண்படுத்தும்படி இருக்கிறது என்ற ஆட்சேபம் காரணம். எழுத்தாளர்கள் கொதித்தார்கள். எடுத்தது எனக்கும் சம்மதமில்லை. ஆனால் நம் தரப்பு கொதிப்பிலும் ஒரு வினோதத்தைக் கவனித்தேன். எடுக்கச் சொன்னவர்களும் சரி, வைத்திருக்கச் சொன்னவர்களும் சரி, வகுப்பில் அந்தக் கதையை எதிர்கொள்ளும் பையனை, பெண்ணைப் படர்க்கையிலேயே வைத்துப் பேசினார்கள். அவன் புண்படுவான் என்றது ஒரு கட்சி. அவன் இலக்கியம் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள வேண்டும் என்றது மறு கட்சி. அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான் எங்கள் வியாசர்பாடிக் கல்லூரியும். வகுப்பில் உட்கார்ந்து, “வாஸ்தவம், இந்த இடத்தில் எனக்கு எரிகிறது, ஆனாலும் மேலே வாசி” என்று சொல்லக்கூடிய ஒருவன் அங்கே இருப்பான் என்று இரண்டு கட்சிக்கும் தோன்றவில்லை. எரிச்சலோடு படிப்பதும் ஒரு வாசிப்புதான். ரஸித்துப் படிப்பதைவிட அதில் கவனம் அதிகம்.

எங்கள் மாடியில் இந்த எரிச்சலைச் சொன்னவன், கதையை வாசித்த அதே பையன். இதையெல்லாம் ஏன் சார் இன்னும் படிக்கணும், இப்போ நம்ம ஆளுங்களே எழுதுறாங்களே என்றான். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது, 2018இல் தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ சிந்தாதிரிப்பேட்டையைக் கொண்டுவந்தது, இவற்றையெல்லாம் அவன் படித்திருக்கிறான். நியாயமான கேள்வி. தன்மையில் எழுதப்படும் புத்தகங்கள் வந்த பிறகு படர்க்கையில் எழுதப்பட்டவை எதற்கு? நான் சொன்ன பதில் அவனைத் திருப்திப்படுத்தவில்லை, எழுத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கும் பாதிதான் திருப்தி. தன்மையில் எழுதுகிறவனுக்கும் ஒரு படர்க்கை உண்டு. அவனுடைய தெருவிலும் எழுதாத ஒருத்தி இருக்கிறாள். அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டுமானால், ‘பொன்னகரம்’ போல முழு பலத்தோடு எழுதப்பட்ட ஒன்றில்தான் அதைப் பழகிக்கொள்ள முடியும். பலவீனமான கதையில் ஆசிரியனின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தையற்காரர் குறுக்கிட்டு, சார் சொல்றது சரி, ஆனா பையன் கேக்கறது வேற, என்றார். வேறுதான். அவன் கேட்டது அழகியல் கேள்வியல்ல. மாதம் ஒரு ஞாயிறு, அதில் இரண்டு மணி நேரம், அதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. லாரித் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்தால் பெண்கள் வருவதில்லை என்பதும் அதே வகைக் கேள்வி. புத்தகப் பிரியர்கள் இந்த மாதிரிக் கேள்விகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பேச்சு அதோடு நிற்கவில்லை. கணக்கெழுதுகிறவர், முக்கால் ரூபாய் என்றால் பன்னிரண்டு அணா, அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை, கஞ்சிக்குப் போக மீதி இருந்திருக்கும் என்றார். மீதியை என்ன செய்திருப்பாள் என்பதில் கொஞ்ச நேரம் கழிந்தது. வண்டியை ரிப்பேர் பார்க்க என்றார் ஒருவர். குதிரைக்குக் கொள்ளு என்றார் இன்னொருவர். கடன்காரன் வாசலில் நின்றிருப்பான் என்றார் தையற்காரர். காசு ஏது என்று முருகேசன் கேட்டிருப்பானே, அப்போது என்ன சொல்லியிருப்பாள் என்று நான் கேட்டேன்.

“கேக்கமாட்டான்” என்றார் அந்த அம்மா. பிறகு, “குடிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான்” என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு ‘துன்பக்கேணி’யா ‘பேட்டை’யா என்று கை தூக்கச் சொன்னோம். நாலுக்கு நாலு. அந்த அம்மா இரண்டுக்கும் தூக்கவில்லை. இதே கதையை இன்னொரு தரம் வாசிக்கலாம் என்றார்.