தண்டனையோடு கணக்குத் தீருமா?



உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு இல்லாதோரும் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். பந்தைச் சாட்டாக வைத்து வேறொன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2010 யூலை 2ஆம் திகதி. தென்னாபிரிக்காவின் யொகன்னஸ்பேர்க் நகரில் உலகக் கிண்ணக் காலிறுதி ஆட்டம். ஆபிரிக்க மண்ணில் அக்கிண்ணம் நடைபெற்றது அதுவே முதற்றடவை. கானா வென்றால், அரையிறுதி காணும் முதல் ஆபிரிக்க நாடு என்ற பெருமை அதற்கே. ஒன்றுக்கு ஒன்று என்ற சமநிலை. மேலதிக நேரத்தின் இறுதிக் கணம். கானா வீரர் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் செல்கிறது. கோட்டில் நின்ற உருகுவேயின் முன்னணி வீரர் லூயிஸ் சுவாரெஸ் அதைக் கைகளால் தடுத்துவிட்டார்!

நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். கானாவுக்குத் தண்ட உதை கிடைத்தது. அசமோவா கியான் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே பறந்தது. வெளியேறிக்கொண்டிருந்த சுவாரெஸ் அதைக் கண்டு துள்ளினார். பின்னர் நடந்த தண்ட உதைகளில் உருகுவே 4–2 என வென்றது.

“சட்டம் விதித்த தண்டனையை ஏற்றுக்கொண்டார், இனி என்ன குறை?” என்று கேட்போர் பலர். 1986இல் மரடோனா கையால் கோல் போட்டது நடுவரின் கண்ணில் படவில்லை. சுவாரெஸோ எதையும் மறைக்கவில்லை. இந்த வேறுபாட்டை நான் சிறிதென்று எண்ணவில்லை. தாம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்றும், தண்ட உதையைத் தவறவிட்டவர் கானா வீரரே என்றும் 2022இல் அவரே கூறினார்.

சில சட்டங்கள் ‘கீழ்ப்படி, அல்லது தண்டனையை ஏற்றுக்கொள்’ என்பதற்கு மேல் மனச்சாட்சியைக் கட்டுவதில்லை என்ற கருத்து ஒழுக்க இறையியலில் உண்டு. அதை விரிவாக விளக்கியவர்களுள் முக்கியமானவர் ஒரு ஸ்பானிய இயேசு சபைக் குரு. அவர் பெயர் பிரான்சிஸ்கோ சுவாரெஸ்! (1548–1617.) உறவெதுவும் தேடவேண்டாம், பெயர்ப் பொருத்தந்தான்.

ஆனால் ஆட்டைத் திருடியவன் மறியலில் இருந்து வந்துவிட்டால் ஆடு அவனுடையதாகிவிடுமா? தண்டனை வேறு, ஈடுசெய்தல் வேறு. நிச்சயமான ஒரு கோலுக்குப் பதிலாகக் கானாவுக்குக் கிடைத்தது ஒரு வாய்ப்பு மட்டுமே. சுவாரெஸ் இழந்ததோ அரையிறுதி ஆட்டம். அதனால் கானாவுக்கு என்ன பயன்?

கண்ணிமைப்பொழுதில் உயர்ந்த அந்தக் கைகளை நான் கடுமையாகத் தீர்ப்பிடமாட்டேன். என்னை உறுத்துவது பன்னிரண்டு ஆண்டுகள் ஆறுதலாக யோசித்த பின்னர் வந்த அந்தப் பதிலே. இதே சுவாரெஸ் 2014இல் இத்தாலிய வீரர் கியெல்லினியின் தோளைக் கடித்தார். ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்கும், நான்கு மாதங்கள் எல்லா உதைபந்தாட்டத்துக்கும் தடை கிடைத்தது. அத்தோடு விட்டாரா? முதலில் மறுத்தாலும், சில நாட்களில் கியெல்லினியிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தண்டனையோடு கணக்குத் தீராது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. கடிபட்டவருக்கு ஒரு முகம் இருந்தது. கானாவோ அவருக்கு வெறும் எதிரணி.

2022 டிசம்பர் 2ஆம் திகதி கட்டாரில் இவ்விரு நாடுகளும் மீண்டும் மோதின. உருகுவே 2–0 என வென்றும், தென்கொரியா போர்த்துக்கலை வென்றதால் வெளியேற நேர்ந்தது. வீரர் இருக்கையில் சுவாரெஸ் கண்ணீர் விட்டழுதார். தெய்வம் நின்று கொன்றது என்றனர் சிலர். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அன்று கானாவுந்தான் வெளியேறியது.