செம்பும் களிம்பும்

முகாமைத்துவக் கலாநிதிப் பட்டத்துக்கான கற்கையில் நிறுவனக் கோட்பாடு என்ற புதிய பாடநெறி போன வாரம் தொடங்கியது. முதல் வாசிப்பாகத் தந்தது பொருளியலாளர்களான அல்சியனும் டெம்செட்சும் 1972இல் எழுதிய கட்டுரை. இரண்டு பேர் சேர்ந்து லொறியில் பாரம் ஏற்றினால் யார் எவ்வளவு தூக்கினார் என்று பிரித்தறிய முடியாது. ஆகவே சும்மா பிடித்துக்கொண்டு நிற்க ஆசை வரும். கண்காணிக்க ஒருவர் வேண்டும். அவரும் சோம்பாதிருக்க மிஞ்சும் வருமானம் அவருக்கே சேரவேண்டும். நிறுவனம் பிறந்த கதை இதுதான் என்கிறார்கள்.

தர்க்கம் உறுதியானது. ஆனால் மனிதன் யார் என்ற கேள்விக்கு ஒரு விடையை எடுகோளாக வைத்துவிட்டுத்தான் அது புறப்படுகிறது. அந்தக் கேள்வியைச் சமய விடயம் என்று எங்கள் துறை ஒதுக்கிவிடும். ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி.

திருகோணமலையின் நிலாவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். லொறியைவிடக் கடினமான உதாரணம் அது. ஒரே கயிற்றில் பலபேர் கை. யார் முழுப்பலம் கொடுக்கிறார் என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாலும் சொல்ல முடியாது. ஆனாலும் அம்பா என்னும் தொழிற்பாட்டின் தாளத்துக்கு வலை கரைக்கு வந்துவிடும். மீனோடு வலையின் மடி கரையேறியதும், விலை பேச முன்பே, கயிற்று நுனியைத் தொட்டுக்கொண்டு நின்ற கிழவருக்கும் கறிக்கு மீன் போகும். அம்மம்மா அப்படிக் கொண்டுவந்த சூடைமீனில் நாங்கள் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறோம். அதே கரையில் வலை வளைக்கும் இடத்துக்காக அடிபாடுகளும் நடந்திருக்கின்றன. பொதுவளங்களை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வந்த தன் நூலில் தென்னிலங்கையின் மாவெல்லக் கரைவலையைத் தோற்றுப்போன உதாரணமாகவே வைத்தார். கரை தாங்காத அளவுக்கு அங்கே வலைகள் பெருகிவிட்டன.

அப்படியானால் சுயநலம்தான் மனிதனா? சைவ சித்தாந்தம் எனக்கு இங்கேதான் துணை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிலைநிறுத்திய அந்த மரபு, ‘நான், எனது’ என்னும் ஆணவத்தைக் குறைத்து மதிப்பிடவே இல்லை. செம்பில் களிம்புபோல அது உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருக்கிறது என்கிறது. ஆனால் களிம்பையே செம்பென்று சொல்ல அது ஒருநாளும் சம்மதிக்காது. அல்சியனோடு நான் பிரியும் இடம் அதுதான்.

இது வெறும் தத்துவச் சண்டையல்ல. கல்கத்தாவில் பிறந்த முகாமைத்துவ அறிஞர் சுமந்திர கோஷலின் கட்டுரை அவர் இறந்தபின் 2005இல் வெளியானது. நம்பத்தகாதவரென்று வைத்துக் கண்காணித்தால் மனிதர் அப்படியே ஆகிவிடுவார்கள், அதைக் கற்பிக்கும் வணிகப் பள்ளிகளுக்கும் பொறுப்புண்டு என்று அவர் எழுதினார். கோணேசபுரி வளாகத்தில் வணிகம் கற்பிக்கும் எனக்கு அது நேரே சுட்டது. கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

நம்பினால் மனிதர் வேறுவிதமாகவும் நடப்பார்கள் என்பதற்கு எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே சாட்சி உண்டு. 1980களில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் மதகுகள் உடைந்து, தண்ணீருக்குத் தகராறு மலிந்துகிடந்தது. இளம் அமைப்பாளர்கள் விவசாயிகளோடு உட்கார்ந்து வாய்க்கால் குழுக்களை உருவாக்கினார்கள். கூலியில்லாமல் வாய்க்கால் துப்பரவானது. வாய்க்காலின் தலைப்பிலிருந்த சிங்களவர் கடைசியிலிருந்த தமிழரின் வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள். நாடு இனப்பகையில் எரிந்த அதே பத்தாண்டில்! ஆய்வாளர் நோர்மன் அப்ஹோப் 1992இல் இதை நூலாக்கினார். அந்த விவசாயிகளின் ஆணவம் எங்கேயும் போய்விடவில்லை. அவர்களிடம் வேறொன்றும் இருந்தது, அதை யாரோ நம்பிக் கேட்டார்கள்.

முதல் ஒப்படைக்கு நிறுவனம் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். கல்லோயாவின் வாய்க்கால் குழுக்களை எழுதிக்கொடுத்திருக்கிறேன்.