தாயக்கட்டையும் இருபது முகப் பகடையும்

 

ராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரி மஸ்அலா ஒன்று கேட்டிருக்கிறார்கள். வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய மகன் விடுமுறைக்கு வந்தபோது, அவன் பெட்டிக்குள் பளபளப்பான ஏழு பகடைகள் இருந்தனவாம். நான்கு முகம், ஆறு முகம் என்று தொடங்கி இருபது முகம் வரை! தோழர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவன் வீரனாகவும் ஒருவன் வைத்தியனாகவும் பாவித்துக்கொண்டு கதை சொல்லியபடியே ஆடும் ஆட்டம் அது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இதை முதன்முதலில் நூலாக வெளியிட்டார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று அதற்குப் பெயர். காசு பந்தயம் கிடையாது. "இதில் எந்தப் பகடை ஆகும், எது ஆகாது என்று ஹஜ்ரத்திடம் கேளுங்கள் அம்மா" என்கிறான் மகன். "எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்கள் தாய்.

பகடையின் முகங்களை எண்ணி ஹலால், ஹராம் பிரிக்க முடியாது. அது ஆட்டத்தில் என்ன வேலை செய்கிறது என்றே பார்க்க வேண்டும்.

பாரசீகத்தில் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் ஒன்று இருந்தது. அதற்கு நர்து, நர்தஷீர் என்று பெயர். அதை ஆடுகிறவர் தம் கையைப் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் தோய்த்தவரைப் போன்றவர் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புரைதா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் பதிவு செய்திருக்கிறார்கள். தம் இல்லத்தில் குடியிருந்தவர்களிடம் நர்து இருப்பதைக் கேள்விப்பட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அதை அகற்றாவிட்டால் குடியிருப்போரையே அகற்றிவிடுவதாகச் சொல்லியனுப்பிய செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. வாடகைக்கு விடுகிறவர்கள் இந்தக் கண்டிப்பைக் கவனிக்க வேண்டும்!

பந்தயம் சேர்ந்தால் பேச்சே இல்லை; அது திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் தடுக்கும் மைஸிர் என்னும் சூது. கைபேசியில் காசு கட்டி ஆடுவதும் அதுவே. 2025இல் மத்திய அரசும் அதற்குத் தடைச் சட்டம் இயற்றியது. நம் வாலிபன் கேட்பது பந்தயமில்லாத ஆட்டத்தைப் பற்றி. அதிலும் நர்து கூடாது என்பதே மிகப் பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. அபூ இஸ்ஹாக் அல்மர்வஸீ (ரஹ்) அவர்கள் அதை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார்கள். சூதாட்டத்திற்கு மட்டுமே அந்த எச்சரிக்கை என்று சொல்லும் அறிஞர்களும் இக்காலத்தில் இருக்கிறார்கள். அந்தச் சொல்லில் என் மனம் அமைதி கொள்ளவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்கள் துஹ்ஃபாவில் தரும் அளவுகோல் நமக்கு மிகவும் உதவுகிறது. கணக்கையும் சிந்தனையையும் நம்பி நடக்கும் ஆட்டம் ஹராமில்லை. குருட்டு ஊகத்தை நம்பியது ஹராம். குழிகளில் கற்களை எடுத்துப் போட்டு ஆடும் மின்கலா முதல் வகை. ஆனால் எத்தனை கல் நகர்த்துவது என்பதை வீசிய குச்சிகள் தீர்மானித்தால், அதே மின்கலாவும் ஹராமாகிவிடுகிறது! மின்கலாவை நம் வீட்டுப் பல்லாங்குழியாகவும், வீசும் குச்சியைத் தாயக்கட்டையாகவும் எண்ணிப் பாருங்கள். சட்டம் உடனே விளங்கும். ஹனஃபிகள் இதைவிடக் கண்டிப்பானவர்கள். ஹிதாயா நூல் சதுரங்கத்தையும் நர்தோடு சேர்த்தே வெறுக்கிறது.

மகன் ஆடும் ஆட்டத்தில் பேச்சும் யோசனையும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மதிலேற முயன்றவன் ஏறினானா, விழுந்தானா என்பதை இருபது முகப் பகடைதானே கடைசியில் சொல்கிறது?

அவன் மேலும் ஒன்று கேட்டானாம்: "சீட்டுக் குலுக்குவது மட்டும் எப்படி ஆகும்?" நல்ல கேள்வி. பயணம் புறப்படும்போது நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடையே குர்ஆ போட்டதுண்டு. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்புக்கும் குர்ஆ நடந்ததைத் திருமறை கூறுகிறது. ஆனால் அங்கே சம உரிமை உள்ளவர்களிடையே மனத்தாங்கல் வராமல் ஒருவரைத் தேர்ந்தார்கள். யாரும் அதை உருட்டி மகிழ்ந்து பொழுது போக்கவில்லை.

இப்போது தாயாரிடம் ஒரு வார்த்தை. பிள்ளையின் பெட்டியைத் திறந்த நீங்கள் பரணையும் ஒருமுறை பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நம் வீடுகள் சிலவற்றில் நன்னிமார் காலத்துப் பித்தளைத் தாயக்கட்டை இன்னும் இருக்கிறது. ரமலானில் தராவீஹ் முடிந்ததும் ஸஹர் வரை கண்விழிக்க அதைத்தான் உருட்டுகிறோம். தாயம் விழாமல் காய் இறங்காது. ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் மறு ஆட்டம். யோசனைக்கு அதில் எவ்வளவு இடம்? அந்தப் பிள்ளையின் ஆட்டத்தில் இருப்பதைவிடக் குறைவு! பித்தளையை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கை அடுப்பில் போட்டால் அவன் நம் பேச்சை எப்படிக் கேட்பான்?

ஆகவே அவனைத் தோழர்களிடமிருந்து பிரிக்காதீர்கள். பகடையே இல்லாமல் ஆடும் இத்தகைய கதையாட்டம் 1991இலேயே அமெரிக்காவில் அச்சாகியிருக்கிறது. ஆம்பர் என்று பெயர். அதை ஆடட்டும், தொழுகை தவறாமல். வீரனாகட்டும், வைத்தியனாகட்டும், அந்த ஆட்டங்களில் வரும் கற்பனைத் தெய்வங்களின் பூசாரி வேடம் மட்டும் நாவுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் நஜீஸ் அல்ல. அந்த ஏழையும் தங்கைக்குக் கனவடிவம் கற்பிக்கக் கொடுக்கலாம். பித்தளைக் கட்டையைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள். சோழிகளை எறிய வேண்டாம். தரையில் குலுக்கிப் போட்டால்தான் அவை தாயக்கட்டை. ஷாஃபிஈ வீடுகளில் பல்லாங்குழிக்கு ஆகும். வல்லாஹு அஃலம்.